கேலிப்பெயர் புகழ்ப்பெயரான கதை

மாணவர்களே! கேலியாகச் சூட்டிய பெயரே ஓர் இசைவகையின் பெயராக நிலைத்ததை அறிவீர்களா?

1980களின் இறுதியில் இங்கிலாந்தில் சில இளைஞர் குழுக்கள் கித்தார் ஒலியைப் பனிமூட்டம்போலப் படரச் செய்தன. ஒலியை மாற்றும் சிறு கருவிகள் தரையில் இருந்தன. அவற்றைக் காலால் இயக்கியதால் கலைஞர்கள் குனிந்தே வாசித்தனர். இதழ்கள் அவ்விசையை 'ஷூகேஸ்' என எள்ளின. 'காலணியை உற்றுநோக்கல்' என்பது அதன் பொருள்.

ரெடிங் நகரில் 1989இல் தோன்றிய 'ஸ்லோடைவ்' குழுவும் எள்ளலுக்கு ஆளானது, 1995இல் கலைந்தது. ஆயினும் அடுத்த தலைமுறை அதன் பாடல்களைத் தேடிக் கேட்டது. 2014இல் குழுவினர் மீண்டும் இணைந்தனர். 22 ஆண்டு இடைவெளிக்குப்பின், 2017இல் அவர்தம் புதிய இசைத்தொகுப்பு வெளிவந்தது.

2023இல் 'எவ்ரிதிங் இஸ் அலைவ்' வெளிவந்தது. 'அனைத்தும் உயிர்ப்புடன் உள்ளன' என்பது அத்தலைப்பின் பொருள். 2020இல் மறைந்த, பாடகி ரேச்சல் காஸ்வெல்லின் தாய்க்கும் முரசுக் கலைஞர் சைமன் ஸ்காட்டின் தந்தைக்கும் அதனைக் காணிக்கையாக்கினர்.

இன்று 'ஷூகேஸ்' வசைப்பெயர் அன்று. புதிய குழுக்கள் விரும்பி ஏற்கும் பெயர்.

சொற்பொருள்
எள்ளுதல் – இகழ்ந்து நகைத்தல்
வசை – பழி

வினாக்கள்
1. கலைஞர்கள் குனிந்து வாசித்தது ஏன்?
2. உம்மைப் பிறர் எள்ளியபோது நீவிர் செய்தது யாது? ஐந்து வரிகளில் எழுதுக.