செக்ரோலும் உபசெயன்முறையும்

தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் பதிவதைப் "பேர் போடுவது" என்பார்கள். கொழுந்து நிறை போதாவிட்டால் அரைப்பேர்தான். மாதமுடிவில் செக்ரோலில் உள்ள பேர்களைக் கூட்டி, கழிவுகளைக் கழித்துச் சம்பளத் துண்டு எழுதுவார்கள்.

இந்தக் கணக்கைப் பயிற்சிக்காக பைதன் மொழியில் எழுதிப் பார்த்தேன். கற்பனையாக இரண்டு தொழிலாளர். இருவருக்கும் சம்பளம் 20,000 ரூபாய். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், அதாவது 1,600 ரூபாய் கழியும். (தொழில்தருநர் கட்டும் 12 சதவீதம் அவருடைய பங்கு, அதைத் தொழிலாளியிடம் கழிக்கக்கூடாது.) முதலாமவர் தீபாவளி முற்பணத்துக்காக 2,000 ரூபாய் திருப்பிக் கட்டுகிறார். அவர் கையில் 16,400. இரண்டாமவர் முற்பணமே எடுக்கவில்லை. அவருக்கு 18,400 வரவேண்டும். என் நிரலோ அவருக்கும் 16,400 என்றே காட்டியது.

"முற்பணம்" என்ற மாறியில் முதலாமவருக்காக இட்ட 2,000 அப்படியே கிடந்தது. அடுத்தவருக்கு முன் அதை நான் பூச்சியமாக்கவில்லை. கணினி பிழைச்செய்தி எதுவும் தரவில்லை. துண்டை வாசிக்காமல் மடித்து வைத்துக்கொள்ளும் ஒருவர் என்றால், அந்த 2,000 போனது போனதுதான்.

வியாபாரக் கணினிகளிலும் இந்த ஆபத்து இருந்தது. ஐ.பி.எம். நிறுவனம் 1959 இல் அறிக்கைகள் தயாரிக்க ஆர்.பி.ஜி. மொழியைக் கொண்டுவந்தது. மெயின்பிரேமுக்கும் மேசைக்கணினிக்கும் இடைப்பட்டதாக 1988 இல் வந்த ஏ.எஸ்./400 கணினியிலும் அம்மொழியே பெரிதும் பயன்பட்டது. அதில் உபநிரல் எழுதலாம். ஆனால் உபநிரலுக்கென்று சொந்த மாறிகள் இல்லை; நிரல் முழுவதற்கும் பொதுவானவைதான். பீலிக்கரையில் எல்லோருக்கும் ஒரே வாளி இருப்பதுபோல. முன்னால் வந்தவர் எதை விட்டுப்போனாரோ, அதில்தான் அடுத்தவர் தண்ணீர் பிடிக்க வேண்டும்.

1994 இல் ஆர்.பி.ஜி. 4 வந்தது. அதைத் தொடர்ந்து உபசெயன்முறையும் சேர்ந்தது. சம்பளத்தையும் முற்பணத்தையும் பரமானங்களாகக் கொடுத்தால், கையில் வரும் தொகையை அது திருப்பித் தரும். உள்ளே அறிவிக்கும் மாறிகள் ஒவ்வோர் அழைப்பிலும் புதிதாகத் தொடங்கும். "ஸ்டாட்டிக்" என்று அறிவித்தால் மட்டும் பழைய பெறுமானம் தங்கும். சம்பளக் கணக்கில் நான் அந்தப் பக்கமே போகமாட்டேன். ஆனாலும் அழைக்கும்போதே பிழையான முற்பணத்தைக் கொடுத்தால், உபசெயன்முறையும் பிழையாகவே கழிக்கும்.

பைதனிலும் இதே முறையில் ஒரு சார்பாக மாற்றி எழுதினேன். இரண்டாமவருக்கு 18,400 வந்தது. பிறகு, மாதம் முழுக்க நோயில் படுத்த ஒருவரைச் சேர்த்தேன்: சம்பளம் 0, முற்பணம் 2,000. கையில் வரும் தொகை மறை 2,000 என்று திரையில் விழுந்தது. அதற்கு இப்போது இன்னொரு சார்பு எழுதிக்கொண்டிருக்கிறேன்.