ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீரில் எரிபொருள்

நல்லம்பள்ளியிலிருந்து தெற்கே தொப்பூர் கணவாயைக் கடந்தால் சேலம். தருமபுரி, சேலம், நாமக்கல் மாவட்டங்களில் மரவள்ளி ஒரு முக்கியமான பயிராகும். இரண்டாம் உலகப் போரின்போது மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது தடைப்பட்டது. அதனால் 1943-ஆம் ஆண்டளவில் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். 1981-இல் இத்தொழிலுக்கெனச் சேலத்தில் 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கமும் அமைந்தது.

கிழங்கைக் கழுவித் தோலுரித்து அரைக்கிறார்கள். அரைத்த பாலை வடிகட்டித் தெளிய வைத்தால் மாவு அடியில் தங்கும். நார்ச்சக்கையான திப்பி தனியே பிரியும். எஞ்சுவது ஏராளமான கழிவுநீர். அதைத் திறந்த குட்டையில் தேக்கினால் புளித்து நாறுகிறது; ஓடையில் விட்டால் மீன்கள் சாகின்றன. உணவுப் பொருளைக் கழுவிய நீர் எப்படிக் குளத்தைக் கொல்கிறது? மாணவ நண்பர்களே, இதற்கான விடையிலேயே அந்நீரைத் தூய்மை செய்யும் வழியும் அடங்கியிருக்கிறது.

மூச்சுத் திணறும் குளம்

மரவள்ளியில் சயனைடு தரும் சேர்மம் சிறிதளவு உண்டு. அதுவும் மீன்களுக்குத் தீங்கானதே. ஆனால் பெரிய தீங்கு, நீரில் கலந்துள்ள மாவுச்சத்தால் வருகிறது. நுண்ணுயிர்களுக்கு அது விருந்து. அவை அதை உண்டு பெருகும்போது நீரில் கரைந்துள்ள ஆக்ஸிஜனைச் செலவழித்துவிடுகின்றன.

நம் ஊர் வெப்பநிலையில் ஒரு லிட்டர் தூய நீரில் ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஆக்ஸிஜன்தான் கரைந்திருக்கும். மீன்களின் மூச்சு முழுவதும் இந்த 8 மில்லிகிராமை நம்பியே உள்ளது.

ஆகவே அழுக்கை எடை போடுவதைவிட, அது எவ்வளவு ஆக்ஸிஜனை விழுங்கும் என்று அளப்பதே பொருத்தம். இங்கிலாந்தின் கழிவுநீர் ஆணையம் 1912-இல் இந்த அளவையே தரநிர்ணயமாகப் பரிந்துரைத்தது. நுண்ணுயிர்களை வைத்து அளப்பது உயிரிய ஆக்ஸிஜன் தேவை (பி.ஓ.டி.). வேதிப்பொருளால் முழுவதையும் எரித்து அளப்பது வேதிய ஆக்ஸிஜன் தேவை (சி.ஓ.டி.).

ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீரின் சி.ஓ.டி. லிட்டருக்குச் சில ஆயிரம் மில்லிகிராம் இருக்கும். கணக்குக்காக 5,000 என்று கொள்வோம். 5,000-ஐ 8-ஆல் வகுத்தால் 625. அதாவது, ஒரு லிட்டர் கழிவுநீர் 625 லிட்டர் தூய நீரின் ஆக்ஸிஜனைக் காலி செய்ய வல்லது! நீர்நிலைகளில் விடும் கழிவுநீருக்கு நம் நாட்டில் விதித்துள்ள பொதுவான வரம்பு, சி.ஓ.டி. 250, பி.ஓ.டி. 30 மில்லிகிராம் ஆகும்.

வோல்டா கண்ட குமிழிகள்

தூய்மை செய்ய ஒரு வழி, கழிவுநீரினுள் காற்றை ஊதுவது. ஆக்ஸிஜனை நாமே கொடுத்துவிட்டால் நுண்ணுயிர்கள் வேலையை முடித்துவிடும். ஆனால் காற்றூத மின்சாரம் வேண்டும். மேலும், உண்ட உணவில் ஏறத்தாழப் பாதி நுண்ணுயிர்களின் உடலாக மாறிச் சேறாகத் தங்கும். அதை அகற்றுவது தனி வேலை.

மற்றொரு வழியை இயற்கையே காட்டியது. மின்கலத்தைக் கண்டுபிடித்த வோல்டா, 1776-இல் இத்தாலியின் மஜ்ஜோரே ஏரிக்கரைச் சேற்றைக் கிளறியபோது எழுந்த குமிழிகளைப் பிடித்து எரித்துப் பார்த்தார். அதுவே மீத்தேன். காற்றுப் புகாத சேற்றில் ஒருவகை நுண்ணுயிர்கள் மாவுச்சத்தை முதலில் அமிலங்களாகச் சிதைக்கின்றன. வேறுவகை நுண்ணுயிர்கள் அதிலிருந்து மீத்தேனை உண்டாக்குகின்றன. சாண எரிவாயுக் கலனில் நடப்பதும் இதுவே.

கணக்கைச் சரிபார்ப்போம். 162 கிராம் மாவுச்சத்து, 18 கிராம் நீருடன் சேர்ந்து 48 கிராம் மீத்தேனும் 132 கிராம் கரியமில வாயுவும் தருகிறது. 162 கிராம் மாவுச்சத்து முற்றிலும் எரிய 192 கிராம் ஆக்ஸிஜன் தேவை. 48 கிராம் மீத்தேன் எரியவும் அதே 192 கிராம்தான் தேவை! மாவுச்சத்தின் எரி ஆற்றலில் ஏறத்தாழ 95 விழுக்காடு மீத்தேனுக்குப் போய்விடுகிறது.

எனவே நீரின் ஆக்ஸிஜன் பசி மறைந்துவிடவில்லை. வாயுவோடு சேர்ந்து நீரை விட்டு வெளியேறியிருக்கிறது. குளத்துக்குத் தீங்கை அளந்த அதே எண், இப்போது எரிபொருளை அளக்கிறது. 48 கிராம் மீத்தேனின் கன அளவு 67.2 லிட்டர். ஆகவே ஒரு கிலோகிராம் சி.ஓ.டி. நீங்கினால் 350 லிட்டர் மீத்தேன் கிடைக்கும்.

தூற்றும் களமும் தொட்டியும்

இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. மீத்தேன் நுண்ணுயிர்கள் மிக மெதுவாகப் பெருகுபவை. ஓடும் கழிவுநீர் அவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும். 1970-களில் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் லெட்டிங்கா என்ற பேராசிரியரும் அவர் குழுவினரும் இதற்கு ஒரு தீர்வு கண்டனர். கழிவுநீரைத் தொட்டியின் அடியிலிருந்து மெல்ல மேலே ஏறச் செய்தனர். நுண்ணுயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சிறு மணிகளாகத் திரண்டன. களத்தில் நெல்லைத் தூற்றும்போது பதர் காற்றோடு போக, கனத்த மணி கீழே விழுகிறதல்லவா? அதுபோல நீர் ஏறும் வேகத்தைவிட மணிகள் இறங்கும் வேகம் அதிகமாதலால் அவை தொட்டியிலேயே தங்கின. நம் நாட்டில் இம்முறையில் நகரக் கழிவுநீரைத் தூய்மை செய்யும் நிலையம் ஒன்று 1989-இல் கான்பூரில் இயங்கத் தொடங்கியது. சேலம் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகள் பலவும் தங்கள் கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுக்கின்றன.

நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் கழிவுநீர் விடும் ஆலையை எண்ணிப் பாருங்கள். அதில் சி.ஓ.டி. 500 கிலோகிராம். 80 விழுக்காடு, அதாவது 400 கிலோகிராம், நீங்கினால் 140 கனமீட்டர் மீத்தேன் கிடைக்கும். அதன் ஆற்றல் சுமார் 5,000 மெகாஜூல். வீட்டுச் சமையல் எரிவாயு உருளைகள் ஏழு, எட்டுக்குச் சமம். 30 விழுக்காடு திறனுள்ள எந்திரத்தில் எரித்தால் 400 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் எடுக்கலாம்.

எஞ்சிய ஐந்தில் ஒரு பங்கு

இத்துடன் வேலை முடிந்ததா? இல்லை. 5,000-இல் 80 விழுக்காடு போனாலும் 1,000 எஞ்சுகிறது. அது வரம்பைப்போல நான்கு மடங்கு. லிட்டர் ஒன்று இன்னும் 125 லிட்டர் நீரின் ஆக்ஸிஜனை விழுங்கும். ஆகவே இரண்டாம் கட்டமாகக் காற்றூதித்தான் ஆக வேண்டும். முதற்கட்டம் வருவாய் தருவது. இரண்டாம் கட்டம் செலவு வைப்பது. வருவாயோடு நின்றுவிட்டால் ஆலைக்கு ஆதாயம், குளத்துக்கு நட்டமே. கிடைத்த மின்சாரத்தில் ஒரு பகுதியைக் காற்றூதச் செலவிடுவதே நேர்மையான கணக்கு.

கழிவுநீரைத் திறந்த குட்டையில் விட்டாலும் மீத்தேன் உண்டாகவே செய்யும். ஆனால் வானில் கலந்துவிடும். எடைக்கு எடை, நூறாண்டுக் கணக்கில், அது கரியமில வாயுவைப்போல சுமார் 28 மடங்கு புவியைச் சூடாக்குகிறது.

தருமபுரி மாவட்டம் மழை குறைந்த பகுதி. பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்துள்ளதால், 2013-இல் தொடங்கப்பட்ட திட்டத்தின் வழியே ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் குழாயில் கொண்டுவர வேண்டியதாயிற்று. இத்தகைய ஊரில் ஓர் ஏரி கெட்டால் அதற்கு ஈடாக மற்றோர் ஏரி இல்லை.

செய்து பாருங்கள்

இரண்டு சிறு கண்ணாடிப் புட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் குளத்து நீரையும், மற்றதில் அதே குளத்து நீருடன் சிறிது அரிசி களைந்த கழுநீரையும் விளிம்புவரை நிரப்புங்கள். ஆசிரியரிடம் கேட்டு மெத்திலீன் நீலச் சாயக் கரைசலில் சில துளிகள் விட்டு, காற்றுக் குமிழி இல்லாமல் மூடி இருட்டில் வையுங்கள். ஆக்ஸிஜன் தீர்ந்த நீரில் நீலம் வெளுத்துவிடும். எந்தப் புட்டி முதலில் வெளுக்கிறது, எத்தனை மணி நேரத்தில் என்று குறித்து வாருங்கள். இரண்டு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். கழுநீரை இருமடங்காக்கினால் நேரம் பாதியாகிறதா என்றும் சோதியுங்கள்.