மருந்து தெளிக்கும் டிரோனில் செல்பேசி இணைப்புக் கருவி

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஏரிப் பாசனத்தை நம்பிச் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டங்களிலும் நெல் பயிரிடப்படுகிறது. தெளிப்பான் சுமக்க ஆள் கிடைக்காத நாட்களில் டிரோனை வாடகைக்கு அழைப்பதும், சில குழுக்கள் மானியத்தில் சொந்தமாகவே வாங்குவதும் இப்போது புதுமையல்ல. அப்படி வாங்கியவர்கள் அடுத்துக் கேட்பது, "இதில் ஒரு சிம் அட்டை போட்டுவிட்டால் வீட்டிலிருந்தே ஓட்டலாமா?" என்பதுதான்.

சிம் அட்டை போடலாம். வீட்டிலிருந்து ஓட்டக் கூடாது. ஏன் கூடாது, பின் எதற்காகத்தான் போடுவது, எப்படிப் போடுவது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

எந்த வேலைக்கு உதவும்?

தறியில் பாவு இழைகளின் இடைவெளி கெட்டால் துணியில் சந்து விழும். வயலின் மேல் டிரோன் ஓடும் வரிசைகளும் அவ்வாறே. ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் 4 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரோனில் உள்ள சாதாரண ஜி.பி.எஸ். கருவி 2 முதல் 3 மீட்டர் வரை இடம் தவறிக் காட்டக்கூடும். இதனால் ஓரிடத்தில் மருந்து இருமடங்கு விழும். பக்கத்தில் ஒரு பட்டை மருந்தே இல்லாமல் நிற்கும். இலைச்சுருட்டுப் புழு அந்தப் பட்டையில் தங்கி மீண்டும் பரவும். அகலமான பண்ணையில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். அரை ஏக்கர், முக்கால் ஏக்கர் என்று துண்டுபட்டுக் கிடக்கும் நம் வயல்களில் 2 மீட்டர் என்பது வரப்பைத் தாண்டிய தூரம். அடுத்த வயலில் அறுவடைக்கு நிற்கும் கீரையின் மேல் மருந்து விழுந்தால் அந்தக் கீரை விற்பனைக்கு ஆகாது. அண்டை வயல்காரரோடு உள்ள உறவும் கெடும்.

இந்தப் பிழையைத் திருத்த ஒரு வழி உண்டு. இடம் துல்லியமாக அறியப்பட்ட ஒரு நிலையத்தில் ஜி.பி.எஸ். கருவி ஒன்று ஓயாமல் இயங்கும். செயற்கைக்கோள் சொல்லும் இடத்திற்கும் உண்மையான இடத்திற்கும் உள்ள வேறுபாட்டை அது நொடிக்கு நொடி கணக்கிட்டு அனுப்பும். அதைப் பெற்றுக்கொள்ளும் டிரோன் தன் இடத்தைச் சில சென்டிமீட்டர் அளவுக்குச் சரியாக அறியும். இதனை ஆர்.டி.கே. முறை என்பர். இந்திய நில அளவைத் துறை இத்தகைய நிலையங்களை அமைத்து, பதிவு செய்துகொண்டவர்களுக்கு இணையத்தின் வழியே திருத்தத் தகவலை வழங்குகிறது. 1802இல் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் சங்கிலி கொண்டு அளக்கத் தொடங்கிய பணியின் வழிவந்ததுதான் இதுவும். அன்று சங்கிலி பிடித்த வேலையை இன்று சிம் அட்டை செய்கிறது எனலாம்.

ஆகவே செல்பேசி இணைப்பின் முதற்பயன் இந்தத் திருத்தத் தகவலைப் பெறுவதே. மின்கலம் எவ்வளவு மீதமுள்ளது, தொட்டியில் மருந்து எவ்வளவு, எத்தனை ஏக்கர் முடிந்தது என்ற விவரங்களைக் குழு அலுவலகத்தில் இருந்தபடியே காண்பது இரண்டாவது பயன். வாடகைக் கணக்கில் தகராறு வராமலிருக்க இது நல்ல சாட்சி. படம் அனுப்புவதை நாம் பரிந்துரைப்பதில்லை. நொடிக்கு 2 மெகாபிட் வீதம் படம் அனுப்பினால் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 900 மெகாபைட் செலவாகும். திருத்தத் தகவலுக்கோ மணிக்குச் சில மெகாபைட்டே போதும்.

முதலில் வயலில் சிக்னல் பாருங்கள்

காஞ்சியில் கோபுரம் என்றால் ஏகாம்பரநாதர் கோயில் கோபுரமே நினைவுக்கு வரும். இங்கே நாம் பார்க்க வேண்டியது செல்பேசி டவரை. கருவி வாங்குமுன் உங்கள் பகுதியில் கிடைக்கும் ஒவ்வொரு நிறுவனத்தின் சிம் அட்டையையும் ஒரு செல்பேசியில் போட்டு, தெளிக்க வேண்டிய வயல்களின் நான்கு மூலைகளிலும் நடந்து பாருங்கள். திரையில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். செல்பேசி அமைப்புகளில் சிக்னல் அளவு எண்ணாக இருக்கும். அது மைனஸ் 90 அளவில் இருந்தால் நல்லது. மைனஸ் 110 என்றோ அதற்கும் கீழாகவோ இருந்தால் அந்த வயலில் செல்பேசி இணைப்பை நம்பக் கூடாது. தென்னந்தோப்பின் மறைவிலும் ஏரிக்கரையின் அடியிலும் சிக்னல் திடீரெனக் குறையும். அத்தகைய இடங்களைப் புல எண்ணோடு ஒரு நோட்டில் குறித்து வைத்தல் வேண்டும்.

நாளும் முக்கியம். ஒரு டவர் தன் வேகத்தை அருகிலுள்ள எல்லாருக்கும் பங்கிட்டே தரும். வைகாசியில் வரதராஜப் பெருமாள் கோயில் கருட சேவையன்று நகரை ஒட்டிய வயல்களில் தெளிக்க வேண்டியிருந்தால், கூட்டம் கலையும் வரை செல்பேசி இணைப்பை எதிர்பார்க்க வேண்டாம். 2019இல் அத்திவரதர் வைபவம் ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை நடந்தது. சொர்ணவாரிப் பயிர் நிற்கும் காலம் அது!

உயரத்தைப் பற்றியும் ஒரு சொல். டவரின் ஆண்டெனாக்கள் தரையில் உள்ளவர்களுக்காகச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பொருத்தப்பட்டவை. நூறு மீட்டர் உயரத்தில் பறக்கும் டிரோனுக்கு ஒரே நேரத்தில் பல டவர்கள் தெரியும். அவை ஒன்றோடொன்று மோதி, இணைப்பு டவர் விட்டு டவர் தாவும். பயிருக்கு மேல் இரண்டு, மூன்று மீட்டரில் பறக்கும் தெளிப்பு டிரோனுக்கு இத்தொல்லை இல்லை.

பொருத்தும் முறை

சான்று பெற்ற டிரோனில் நீங்களாக எதையும் திருகிப் பொருத்தக் கூடாது. சான்று அந்த வடிவத்திற்கே தரப்பட்டது. தயாரித்த நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேட்டு, அவர்கள் அனுமதிக்கும் கருவியை அவர்கள் ஆளைக் கொண்டே பொருத்திக்கொள்ளுங்கள். பல டிரோன்களில் இதற்கான இடம் முன்பே விடப்பட்டிருக்கும். கையில் பிடிக்கும் இயக்கு பெட்டியிலேயே சிம் போடும் வசதி இருப்பதும் உண்டு. அவ்வாறிருந்தால் டிரோனில் எதையும் சேர்க்க வேண்டியதே இல்லை. வேலை பாதியாகக் குறையும். எனினும், பொருத்துபவர் சரியாகச் செய்கிறாரா என்று பார்க்க நீங்கள் கீழ்க்கண்டவற்றை அறிந்திருத்தல் நலம்.

பழுதுகளில் பெரும்பாலானவை மின்சாரத்தால் வருவன. 4ஜி கருவி தகவல் அனுப்பும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். டிரோனின் மூளையாகிய கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்து அதற்கு மின்சாரம் எடுத்தால் பலகையே தடுமாறலாம். எனவே பெரிய மின்கலத்தின் 22 அல்லது 44 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் தனிக் கருவி ஒன்றை வைத்து, அதிலிருந்து கொடுக்க வேண்டும். தகவல் கம்பிகள் மூன்று: அனுப்பும் கம்பி எதிர்ப்பக்கத்தில் பெறும் முனைக்குச் செல்ல வேண்டும், பெறும் கம்பி அனுப்பும் முனைக்குச் செல்ல வேண்டும், எர்த் கம்பி இரண்டிற்கும் பொது. இரு பக்கத்திலும் ஒரே வேகம் குறிக்கப்படாவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் தகவல் வராது.

அடுத்தது இடம். செயற்கைக்கோளிலிருந்து வரும் சிக்னல் மிக மெல்லியது. 4ஜி கருவியை ஜி.பி.எஸ். ஆண்டெனாவின் பக்கத்தில் வைத்தால், காதருகே பறையடித்துக்கொண்டு கிசுகிசுப்பைக் கேட்பது போலாகும். இரண்டிற்கும் குறைந்தது ஒரு சாண் இடைவெளி வேண்டும். அதற்கு மேலும் கிடைத்தால் நல்லது. ஜி.பி.எஸ். மேலேயும் செல்பேசி ஆண்டெனா கீழ்நோக்கியும் இருப்பது சிறந்தது. மருந்துச் சாரல் படும் இடமாதலால் சிம் அட்டைப் பெட்டி நீர் புகாததாக இருத்தல் அவசியம்.

இன்னொரு எச்சரிக்கை. செல்பேசிக்குப் பதிலாக ரேடியோ இணைப்பு வாங்குவோர் சிலர் 915 மெகாஹெர்ட்ஸ் கருவியை வாங்கிவிடுகின்றனர். அது அமெரிக்காவுக்கானது, நம் நாட்டில் அந்த அலைவரிசை செல்பேசிச் சேவையோடு மோதும். இங்கு உரிமமின்றிப் பயன்படுத்தத் தக்கது 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலானது.

இணைப்பு ஏற்படுத்துதல்

சிம் அட்டைக்கு நிறுவனம் தரும் இணைய முகவரி பெரும்பாலும் ஒரு பெரிய குடியிருப்பின் உள் அறை எண் போன்றது. உள்ளிருந்து வெளியே போகலாம். வெளியாள் நேராக வந்து கதவைத் தட்ட முடியாது. அதனால்தான் அலுவலகக் கணினியிலிருந்து டிரோனைத் தேடினால் கிடைப்பதில்லை. டிரோனும் உங்கள் கணினியும் நடுவில் உள்ள ஒரு பொதுக் கணினியைத் தாமாகவே அழைத்து அங்கே சந்திக்குமாறு அமைக்க வேண்டும். நிறுவனத்தார் தரும் செயலி இதைச் செய்துவிடும். கடவுச்சொல்லை மட்டும் நீங்கள் மாற்றி, இருவருக்கு மேல் தெரியாமல் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல் தெரிந்தவர் கையில் உங்கள் டிரோன் இருப்பதாகப் பொருள்.

திருத்தத் தகவல் வரத் தொடங்கியதும் திரையில் முதலில் ஃப்ளோட் என்றும் பின் ஃபிக்ஸ் என்றும் காட்டும். ஃபிக்ஸ் வந்த பிறகே வயலின் எல்லையைக் குறிக்க வேண்டும். ஃப்ளோட் நிலையில் குறித்த எல்லை தவறானதாகவே இருக்கும். பிறகு எவ்வளவு துல்லியமாகப் பறந்தாலும் பயனில்லை.

இணைப்பு அறுந்தால்?

அறுந்தே தீரும் என்று எண்ணி ஏற்பாடு செய்யுங்கள். 4ஜி வழியே கட்டளை போய்ச் சேர நல்ல நேரத்தில் நொடியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ ஆகும். நெரிசலில் ஒரு நொடிக்கு மேலும் ஆகலாம். நொடிக்கு 5 மீட்டர் ஓடும் டிரோன் அதற்குள் வரப்பைத் தாண்டி மின்கம்பியை எட்டிவிடும். ஆகவே கடிவாளம் எப்போதும் வரப்பில் நிற்பவர் கையிலுள்ள இயக்கு பெட்டியில்தான் இருக்க வேண்டும். திருத்தத் தகவல் நின்றால் தெளிப்பு நிற்க வேண்டும், டிரோன் அங்கேயே அந்தரத்தில் நிலைக்க வேண்டும். இயக்கு பெட்டியின் தொடர்பே போனால் புறப்பட்ட இடத்திற்குத் திரும்ப வேண்டும். திரும்பும் உயரம் வழியிலுள்ள தென்னையைவிட அதிகமாக வைக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள்.

இதனைத் தொட்டியில் வெறும் தண்ணீர் ஊற்றிச் சோதிக்க வேண்டும். அறுவடை முடிந்த வயலில் டிரோனைப் பறக்கவிட்டு, சிம் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி, என்ன நடக்கிறது என்று காணுங்கள். விற்பவர் இதைச் செய்து காட்டத் தயங்கினால் மீதிப் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

சட்டம்

2021ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி, தெளிப்பு டிரோனுக்குத் தனி அடையாள எண்ணும், இயக்குபவருக்குப் பைலட் சான்றும் வேண்டும். டிரோன் அவர் கண்பார்வைக்குள் இருக்க வேண்டும். சிம் அட்டை இருப்பது இதற்கு விலக்கு ஆகாது. பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன் அனுமதி தேவையில்லை. மஞ்சள் மண்டலத்தில் விமானக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் அனுமதியும், சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதியும் தேவை. குன்றத்தூர்ப் பக்கத்து உழவர்கள் மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு அருகில் இருப்பதால், டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் தங்கள் வயலைத் தேடிப் பார்க்காமல் டிரோனை அழைக்கவே கூடாது. வரைபடம் மாறக்கூடியது, ஒவ்வொரு பட்டத்தின் தொடக்கத்திலும் மீண்டும் பாருங்கள். பைலட் பயிற்சிக்கு, 2022இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு ஆளில்லா வானூர்திக் கழகத்தை அணுகிக் கேட்கலாம்.

பட்டம் முடிந்து டிரோனை உள்ளே வைக்கும்போது சிம் அட்டையைக் கழற்றி உறையிலிட்டு, எண்ணையும் ரீசார்ஜ் முடியும் நாளையும் உறையின் மேல் எழுதி வையுங்கள். பல மாதம் ரீசார்ஜ் செய்யாத எண்ணை நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்துவிடும்.