படைக்கலப் பொறுப்பு

போர்முனையில் நிற்கும் வீரனின் வலிமை எதில் இருக்கிறது? அவன் நெஞ்சுரத்தில் இருக்கிறது என்போம். அஃது உண்மையே, ஆயினும் முழு உண்மையன்று. அவன் கையிலுள்ள படைக்கலம் பழுதற்றதாய் இருத்தல் வேண்டும். வேண்டிய பொழுதில், வேண்டிய அளவில் அஃது அவனை வந்தடைதல் வேண்டும். அப்படைக்கலத்தை அவன் செய்வதில்லை. விலை பேசி வாங்குவதும் இல்லை. வாங்குவது அரசு, செய்து தருவது தொழிற்சாலை. இவ்விரு திறத்தாரும் தத்தம் கடமையைச் செவ்வனே ஆற்றாவிடின், அதன் விளைவைத் தாங்குபவன் வீரனே. இவ்வுண்மையை, முதல் உலகப் போரில் இங்கிலாந்து பெற்ற பட்டறிவு நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது.

1914ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அப்போர் மூண்டது. அது சில திங்களில் முடிந்துவிடும் என்று பலர் எண்ணினர். எண்ணியதற்கு மாறாக, இருதரப்புப் படைகளும் பதுங்குகுழிகளில் இருந்து நெடுநாள் போரிட நேர்ந்தது. பீரங்கிக் குண்டுகள் மலை மலையாகத் தேவைப்பட்டன. அந்நாளில் இங்கிலாந்தின் போர்த்துறை, உல்விச் போன்ற இடங்களிலிருந்த அரசுத் தொழிற்சாலைகளையும், விக்கர்ஸ், ஆம்ஸ்ட்ராங் முதலிய சில தனியார் நிறுவனங்களையுமே நம்பியிருந்தது.

1915ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள், பிரான்சு நாட்டில் நூவ் ஷாப்பெல் என்னும் சிற்றூரில் ஆங்கிலப் படை தாக்குதல் தொடங்கியது. நம் இந்திய வீரர்களும் அதில் முன்னணியில் நின்று பொருதனர். ஊர் கைப்பற்றப்பட்டது. ஆயினும் சில நாட்களில் தாக்குதல் நின்றது. குண்டுகளின் இருப்பு அருகியதும் அதற்கு ஒரு காரணமாகும். அங்கு இறந்தும் காயமுற்றும் போன இந்தியர் ஏறத்தாழ 4,200 பேர். மே 9ஆம் நாள் ஆபர்ஸ் மேட்டில் மீண்டும் தாக்கினர். பகைவரின் அரண்களைத் தகர்க்கவல்ல வெடிகுண்டுகள் போதிய அளவில் இல்லை. ஒரே நாளில் 11,000 பேருக்கு மேல் இறந்தும் காயமுற்றும் வீழ்ந்தனர். மே 14ஆம் நாள், 'டைம்ஸ்' நாளிதழ் இக்குறையை வெளிப்படுத்தியது. நாடு கொதித்தெழுந்தது.

குற்றம் யாருடையது? குறித்த நாளில் குண்டுகளைத் தாரார் ஆயினர் என்று அரசினர் தொழிலதிபரைச் சாடினர். கைதேர்ந்த தொழிலாளர் படையிற் சேர்ந்துவிட்டனர், எந்திரங்களும் கிடைக்கவில்லை, யாம் என் செய்வோம் என்று தொழிலதிபர் விடையிறுத்தனர். இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது. நிறைவேற்ற இயலாத அளவுக்கு ஒப்பந்தங்களை ஏற்றது தொழிலதிபர் பிழை. பழக்கமான சிலருக்கே ஒப்பந்தம் தந்து, நாட்டிலிருந்த ஏனைய பட்டறைகளைப் பயன்கொள்ளாது விட்டது அரசின் பிழை. பழியைப் பிறர்மேற் போடுவதால் ஒரு குண்டேனும் கூடுதலாக விளையாது அன்றோ?

எனவே 1915ஆம் ஆண்டு ஜூன் திங்களில் போர்த்தளவாட அமைச்சகம் ஒன்று புதிதாக அமைக்கப்பட்டது. லாயிட் ஜார்ஜ் அதன் முதல் அமைச்சரானார். தொழில் நடத்திப் பழகியோர் பலரை அவர் அரசுப் பணிக்கு அழைத்துக்கொண்டார். லீட்ஸ் முதலிய நகரங்களில் ஆங்காங்குள்ள பொறியியல் தொழிலதிபரே குழுவாகக் கூடி, அரசின் குண்டுத் தொழிற்சாலைகளை மேற்பார்த்தனர். போர் முடிவதற்குள் இத்தகைய அரசுத் தொழிற்சாலைகள் 200க்கும் மேற்பட்டன. பல்லாயிரம் பெண்கள் அவற்றில் உழைத்தனர்.

பணம் பற்றியும் ஒழுங்கு செய்தனர். போர்க்காலத்தில் வீரன் உயிரைக் கொடுக்க, விற்பவன் கொள்ளை இலாபம் அடித்தல் அறமாகாது. ஆதலின், அரசின் கட்டுப்பாட்டில் வந்த தொழிற்சாலைகள், போருக்கு முன் பெற்ற இலாபத்திற்குமேல் ஐந்தில் ஒரு பங்கே மிகுதியாகக் கொள்ளலாம் என்று சட்டம் வரையறுத்தது. தொழிலாளரும் வேலைநிறுத்த உரிமையை அக்காலத்திற்கு விட்டுக்கொடுத்தனர். ஒரு பொருளைச் செய்ய உண்மையில் ஆகும் செலவென்ன என்பதைக் கணக்காளர்கள் நுணுகி ஆராய்ந்தனர். அரசே குண்டு செய்ததனால் அடக்கவிலை அரசுக்கு விளங்கிற்று. முன்பு 22 ஷில்லிங் 6 பென்சுக்கு வாங்கிய ஒருவகைக் குண்டின் விலை, 12 ஷில்லிங்காகக் குறைந்தது என்று லாயிட் ஜார்ஜ் பின்னாளில் பாராளுமன்றத்தில் எடுத்துரைத்தார்.

எனினும் எண்ணிக்கை மட்டும் போதுமா? 1916ஆம் ஆண்டு, சோம் ஆற்றுப் போர் தொடங்குமுன், ஒரு வாரத்தில் 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட குண்டுகளை ஆங்கிலப் பீரங்கிகள் பொழிந்தன. அவற்றுள் மிகப் பல வெடிக்கவே இல்லை. விரைவு கருதிச் செய்தமையால், குண்டை வெடிக்கச் செய்யும் முனைக்கருவிகள் பழுதுபட்டிருந்தன. ஜூலை முதல் நாள், பகைவரின் அரண் அழிந்தது என நம்பி முன்னேறிய வீரர்கள், அழியாது நின்ற எந்திரத் துப்பாக்கிகளுக்கு இரையாயினர். அந்நிலத்தை உழும் பிரெஞ்சு உழவர்கள், வெடியாத குண்டுகளை இன்றும் கண்டெடுக்கின்றனர்.

பொறுப்பு போர்முனையோடு முடிவதும் இல்லை. இலண்டன் மாநகரின் கிழக்கே சில்வர்டவுனில் ஒரு வேதியியல் தொழிற்சாலை இருந்தது. மக்கள் நெருங்கி வாழும் அவ்விடத்தில் டி.என்.டி. என்னும் கொடிய வெடிமருந்தைத் தூய்மை செய்யுமாறு அரசு வற்புறுத்தியது. நிறுவனம் முதலில் தயங்கியது, பின்னர் இசைந்தது. 1917ஆம் ஆண்டு சனவரி 19ஆம் நாள் மாலை அங்குத் தீப்பற்றிப் பெருவெடிப்பு நிகழ்ந்தது. 73 பேர் மாண்டனர். தீயை அணைக்க முயன்ற தலைமை வேதியியலர் ஏஞ்சலும் அவருள் ஒருவர். ஆலைக்கு அவ்விடம் தகாது என்றும், ஆலையின் பாதுகாப்பு முறைகளிலும் குறையிருந்தது என்றும் விசாரணையாளர் கண்டனர். இடத்தைத் தேர்ந்தது அரசு. ஆலையை நடத்தியது நிறுவனம். அவ்வறிக்கையோ பல்லாண்டுகள் மக்கள் பார்வைக்கு வாராமலே இருந்தது. பகிர்ந்துகொண்ட பொறுப்பு, ஒருவருக்கும் இல்லாத பொறுப்பாய்விடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

நம் நாட்டிலும் 1956ஆம் ஆண்டின் தொழிற்கொள்கை படைக்கலத் தொழிலை அரசுக்கே உரித்தாக்கியது. 2001ஆம் ஆண்டில் தனியாருக்கும் அதில் இடம் தரப்பட்டது. ஆகவே இவ்வினா நமக்கும் உரியதே. எது தேவை, எத்துணைத் தேவை என்று காலத்தே தெளிவாகச் சொல்வதும், செய்த பொருளை அஞ்சாது ஆய்வதும், விலையை நேர்மையாக வரையறுப்பதும் அரசின் கடமை. இயல்வதையே ஒப்புக்கொள்வதும், ஒப்புக்கொண்டதைப் பழுதின்றிச் செய்வதும், குறை கண்டால் மறையாது உரைப்பதும் தொழிலதிபர் கடமை. இரண்டையும் விழிப்புடன் நோக்குவது குடிமக்கள் கடமை.

தொலைவில் நிற்கும் வீரன் ஒப்பந்தத்தைப் படித்தவன் அல்லன். அதில் ஒப்பமிட்டோர் முகத்தையும் அறியான். அவர்களை நம்பியே அவன் முன்செல்கிறான். அந்நம்பிக்கையைக் காப்பதே படைக்கலப் பொறுப்பு.