ஃபோட்டோசிந்தசிஸ்: சொல்லிப் பழகும் முறை

அறிவியலை ஆங்கிலத்தில் படிக்கும் மாணவர்கள் பலர், நீளமான சொல் வந்தால் வாய்க்குள் முனகிவிட்டுக் கடந்துபோகிறார்கள். ஃபோட்டோசிந்தசிஸ் என்ற ஒரே சொல்லை முறையாகப் பழகுங்கள். அதன் உறவுக்காரச் சொற்களும் கூடவே வசப்படும்.

முதலில் உறுப்புகளைப் பிரியுங்கள். ஃபோட்டோ, சின், தீசிஸ் மூன்றும் கிரேக்கத்திலிருந்து வந்தவை. பொருள் முறையே ஒளி, ஒன்றாக, வைத்தல். பாடநூலின் ‘ஒளிச்சேர்க்கை’ அப்படியே இதற்குப் பொருந்துகிறது. 1893இல் ஃபோட்டோசிந்தசிஸ் என்ற சொல்லை முன்வைத்த அமெரிக்கத் தாவரவியலாளர் சார்லஸ் ரீட் பார்ன்ஸ், ஃபோட்டோசின்டாக்ஸ் என்ற பெயரையே அதிகம் விரும்பினார். ஆனால் நிலைத்தது ஃபோட்டோசிந்தசிஸ்தான்.

அடுத்து அசை. எழுத்துகளை விட்டுவிட்டு, காதில் விழும் உயிரொலிகளை எண்ணுங்கள். ஃபோ-டோ-சின்-த-சிஸ், ஐந்து.

சிக்கல் அழுத்தத்தில்தான். தமிழில் பொதுவாக எந்த அசையையும் தனியாக ஓங்கிச் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் ஓர் அசை ஓங்கியே ஆகவேண்டும். இங்கே அது ‘சின்’. ‘ஃபோ’வுக்குக் கொஞ்சம் அழுத்தம் உண்டு. ‘சின்’னுக்கு அடுத்து வரும் ‘த’வில் உயிரொலி குன்றி, வாய் அதிகம் திறக்காமல் கழிந்துவிட வேண்டும். அந்தத் ‘த’வைப் ‘பந்து’வில் வருவதுபோல் அதிரச் சொல்லாதீர்கள், நாக்கு நுனியை மேற்பல்லில் லேசாக வைத்துக் காற்றை மட்டும் விடுங்கள். மெல்லினத்தை அடுத்து வரும் ‘த’வை அதிரவைப்பது தமிழ் நாவின் பழக்கம் என்பதால், இதற்குத் தனிப் பயிற்சி தேவை.

பழகும்போது கடைசியிலிருந்து தொடங்குங்கள்: சிஸ், தசிஸ், சின்-தசிஸ், பிறகு முழுச்சொல். இப்படிச் செய்தால் ஓங்கவேண்டிய இடம் நழுவாது.

இனி உறவுகள். ‘சின்’ போலவே கடைசியிலிருந்து மூன்றாவது அசை ஓங்கும் என்ற கணக்கு ஹைபாதசிஸ், அனாலிசிஸ், எலக்ட்ராலிசிஸ் எல்லாவற்றுக்கும் சரிவரும். ஆனால் ஆஸ்மோசிஸ், மைட்டோசிஸ் போல ‘ஓசிஸ்’ என்று முடிபவற்றில் பெரும்பாலும் அந்த ‘ஓ’வே ஓங்கும். ஃபோட்டோசிந்தெட்டிக் என்று பெயரடையானால் அழுத்தம் ‘இக்’குக்கு முந்திய ‘தெட்’டுக்குத் தாவிவிடும். பன்மையில் ‘சிஸ்’ நீண்டு ‘சீஸ்’ ஆகும்.

ஐயம் வந்தால் நல்ல ஆங்கில அகராதியைத் திறவுங்கள். உச்சரிப்புக் குறிப்பில் ஓங்கும் அசைக்கு முன்னால் மேலே ஒரு சிறு கோடு இருக்கும். ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: புதிய கலைச்சொல்லைக் கரும்பலகையில் எழுதியதும் அந்தக் கோட்டையும் போட்டு, வகுப்பு முழுவதையும் ஒருமுறை உரக்கச் சொல்லவையுங்கள்.