பள்ளிக்கூரையில் சோலார்

கேள்வி: புயலில் மின்சாரம் இழந்த பள்ளிக்கு எங்கள் கல்லூரி மாணவர்கள் சோலார் அமைத்துத் தர விரும்புகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: நல்ல காரியம், தயங்காமல் செய்யுங்கள். முதலில் பேட்டரியைக் கவனியுங்கள். மின்வாரிய லைனோடு மட்டும் இணைத்த சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாதென்று இன்வெர்ட்டரே அணைந்துகொள்ளும். உச்சி வெயிலிலும் வகுப்பில் ஃபேன் சுற்றாது.

புயலுக்குப் பின் சோலார் எப்படிக் கைகொடுக்கும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2017 செப்டம்பரில் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோ தீவு முழுவதையும் இருட்டாக்கியது. மின்சாரம் முழுமையாகத் திரும்ப ஏறக்குறைய 11 மாதம் ஆனது. அட்ஜுந்தாஸ் ஊரின் காசா புவெப்லோ சமூக மையத்தில் 1999 முதலே சோலார் இருந்ததால், ஊர்மக்கள் மருத்துவக் கருவிகளைக்கூட அங்கே கொண்டுவந்து இயக்கினார்கள்.

சில வருடத்தில் பேட்டரி தேயும். புதியது வாங்கப் பணம் யார் தருவார், பராமரிப்பு யார் பொறுப்பு என்பதைத் தலைமையாசிரியரிடம் பேசி முடித்த பிறகே கூரை ஏறுங்கள்.