முதலில் நாக்கு, பிறகு பேச்சு

துலூஸ்
ஏப்ரல் 3

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதமும் பட்டியலும் வந்தன. ஆய்வகத்தில் உன்னோடு வேலை பார்க்கும் ஒன்பது பேரை லியோன் வீட்டுக்கு அழைத்து, செம்மறி ஆட்டுப் பால் சீஸ் மட்டும் வைத்து ருசி பார்க்கும் மாலை ஒன்று நடத்தப்போகிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. பசு, வெள்ளாடு, செம்மறி என்று எல்லாவற்றையும் ஒரே பலகையில் கலந்து வைப்பவர்கள்தான் அதிகம். ஒரே பால் ஊருக்கு ஊர் எப்படியெல்லாம் மாறுகிறது என்று காட்ட நினைத்தாயே, அது நல்ல யோசனை.

ஆனால் உன் பட்டியலில் 14 சீஸ் இருக்கின்றன. ஆறாகக் குறைத்துவிடு. செம்மறிப் பால் சீஸில் கொழுப்பும் உப்பும் அதிகம். ஆறேழு துண்டுகளுக்குமேல் போனால் நாக்கு மரத்துவிடும். அதன்பின் எவ்வளவு உயர்ந்த சீஸை வைத்தாலும் ‘நன்றாக இருக்கிறது’ என்ற ஒரே சொல்தான் வரும். வந்தவர்களின் நாக்கு தானாக வேலை செய்ய இடம் விடுவதே விருந்து வைப்பவரின் பொறுப்பு. நான் சொல்லப்போகும் மற்றவை எல்லாம் இதிலிருந்து பிறப்பவைதான்.

பாலைப் பற்றி முதலில் நீ தெளிவாகத் தெரிந்துகொள். பசும்பாலில் கொழுப்பு ஏறத்தாழ 4 சதவீதம். செம்மறிப் பாலில் 6 முதல் 7 சதவீதம். புரதமும் அதே அளவுக்குக் கூடுதல். அதனால் ஒரு கிலோ கெட்டியான பசும்பால் சீஸுக்குப் பத்து லிட்டர் பால் தேவைப்படும் இடத்தில், ஒரு கிலோ ரோக்ஃபோர்ட்டுக்கு நாலரை லிட்டர் போதும். அப்படியானால் விலை ஏன் அதிகம் என்று யாராவது கேட்பார்கள். ஒரு செம்மறி ஒரு நாளில் தருவது ஒன்றிரண்டு லிட்டர்தான். அதுவும் வருடம் முழுவதும் தராது. குட்டி ஈன்று சில மாதங்கள்தான் கறவை. பசும்பாலுக்கு மஞ்சள் சாயல் தரும் கரோட்டின் இந்தப் பாலில் இல்லாததால் சீஸ் தந்த வெள்ளையாக இருக்கும். நாக்கின் ஓரத்தில் சுருக்கென்று இழுக்கும் அந்தக் காரம், இந்தக் கொழுப்பில் உள்ள சில அமிலங்கள் பிரிந்து வருவதால் உண்டாவது. இவ்வளவு போதும். இதையும் மாலையின் முடிவில் சொல். ஆரம்பத்தில் பாடம் எடுக்காதே.

இனி அந்த ஆறு. இந்த வரிசையிலேயே பரிமாறு.

முதலில் கோர்சிகாவின் ப்ரோச்சு. சீஸ் செய்து வடிந்த தெளிநீரோடு கொஞ்சம் முழுப்பாலும் சேர்த்துச் சூடாக்கித் திரட்டுவது. குளிர்காலத்திலும் வசந்தத்திலும் புதிதாகக் கிடைக்கும். உனக்கு ஏப்ரல் சரியான நேரம். வெள்ளாட்டுப் பாலிலும் செய்வார்கள் என்பதால் செம்மறிப் பாலில் செய்ததா என்று கேட்டு வாங்கு. பாலின் இனிப்பு கலப்பில்லாமல் தெரியும் இடம் இதுதான்.

இரண்டாவது ஒசோ-இராத்தி. பிரனே மலைச்சரிவில் பாஸ்க் நாட்டிலும் பேயார்னிலும் செய்வது. கறுப்பு முகம், சிவப்பு முகம் என்று இரண்டு வகை மனேக் செம்மறிகளும் பாஸ்கோ-பேயார்னேஸ் இனமும் அதற்குப் பால் தருகின்றன. கூட்டத்தில் யாருக்கும் பிடிக்காமல் போகாத சீஸ் ஒன்று உண்டென்றால் இதுதான்.

மூன்றாவது ஸ்பெயினின் மான்செகோ, ஆறு மாதம் முதிர்ந்ததாகப் பார்த்து வாங்கு. லா மான்ச்சா சமவெளியின் மான்செகா இனச் செம்மறிப் பாலில் மட்டுமே செய்யவேண்டும் என்பது சட்டம். முன்பு எஸ்பார்த்தோ புல்லால் பின்னிய பட்டையில் அழுத்திச் செய்தார்கள். அந்தப் பின்னல் தடம் இன்றும் அதன் புறத்தோலில் கோடு கோடாக இருக்கிறது. அந்தக் கோடுகளை மட்டும் நம்பி வாங்கிவிடாதே. மூன்று பாலும் கலந்து செய்யும் மலிவான சீஸிலும் அதே தடத்தைப் பதிக்கிறார்கள். அசல் மான்செகோவில் பால் புரதத்தால் ஆன சின்ன வில்லை ஒன்று, எண்ணோடு, தோலில் ஒட்டியிருக்கும். கடைக்காரரிடம் அதைக் காட்டச் சொல்.

நான்காவது சார்தீனியாவின் பெகோரினோ சார்தோ, முதிர்ந்த வகை. உன் பட்டியலில் பெகோரினோ ரோமானோ இருந்தது. பெயரில் ரோம் இருந்தாலும் அதில் பெரும்பகுதி இப்போது சார்தீனியாவில்தான் செய்யப்படுகிறது. அது நல்ல சீஸ்தான், ஆனால் உப்பு மிகுந்தது. துருவி பாஸ்தாவில் போடுவதற்கானது. இந்த வரிசையில் வைத்தால் அடுத்த இரண்டின் ருசியும் தெரியாது.

ஐந்தாவது போர்ச்சுகலின் செர்ரா ட எஷ்ட்ரேலா. லியோனில் போர்த்துக்கீசியர் கடைகளில் கேட்டுப் பார். இதற்குப் பாலைத் திரைய வைப்பது ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரெனெட் அல்ல; கார்டூன் என்ற முட்செடியின் உலர்ந்த ஊதாப் பூ. அந்தப் பூவின் நொதி புரதத்தை நன்றாக உடைத்துவிடுவதால் உள்ளே குழைவாகவும் கடைசியில் மெல்லிய கசப்போடும் இருக்கும். பெரும்பாலும் முழுதாகத்தான் கொடுப்பார்கள். மேல்தோலை மூடிபோல் வட்டமாக அறுத்து எடுத்துவிட்டுக் கரண்டியால் வழித்துப் பரிமாறு.

கடைசியில் ரோக்ஃபோர்ட். அவெரோன் பகுதியில் ரோக்ஃபோர்-சுர்-சூல்சோன் என்ற சின்ன ஊர். அங்கே கொம்பலூ என்னும் சுண்ணாம்பு மலையின் வெடிப்புகள் வழியாகக் குளிர்ந்த ஈரக் காற்று ஓயாமல் குகைகளுக்குள் வீசிக்கொண்டே இருக்கிறது. லாக்கோன் இனச் செம்மறிகளின் காய்ச்சாத பாலில் செய்த சீஸ் அந்தக் காற்றில்தான் நீலம் பூக்கிறது. இந்த ஊர்க்காரர்களுக்கு மட்டுமே அதைப் பதப்படுத்தும் உரிமை என்று 1411-இல் ஆறாம் சார்ல் மன்னர் ஆணை கொடுத்தார். 1925-இல் பிறந்த ஊரின் பெயரால் சட்டப் பாதுகாப்பு பெற்ற முதல் பிரெஞ்சு சீஸும் இதுவே. நம் ஊரில் புவிசார் குறியீடு என்கிறோமே, அந்த வகைப் பாதுகாப்புக்கு இது முன்னோடி. வாங்கும்போது சிவப்புச் செம்மறி முத்திரை இருக்கிறதா என்று பார்.

உன் பட்டியலில் புகையிட்ட இடியாசபால் சீஸையும் எழுதியிருந்தாய். அதை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள். புகை வாசனை மேசையில் உள்ள மற்ற எல்லாவற்றிலும் ஏறிவிடும்.

அளவு: ஆளுக்கு ஒவ்வொன்றிலும் 25 கிராம். பத்துப் பேருக்கு 250 கிராம். தோல் கழியும் கெட்டி வகைகளில் 300 கிராம். ‘ஆல்’ சந்தையிலோ உன் தெருவிலுள்ள சீஸ் கடையிலோ முந்தின நாள் வாங்கு. வெட்டி பிளாஸ்டிக்கில் அடைத்து வைத்ததை எடுக்காதே. கண்முன் வெட்டித் தரச் சொல். கொஞ்சம் ருசி பார்க்கக் கேட்டால் நல்ல கடைக்காரர் தயங்காமல் ஒரு சீவல் தருவார். கேட்க நீயும் கூச்சப்படாதே.

வருபவர்களிடம் முன்கூட்டியே சிலவற்றைக் கேட்டுக்கொள்வது உன் கடமை. சென்னையிலிருந்து வந்த தோழி சைவம் என்று எழுதியிருந்தாய். அவளிடம் எதையும் மறைக்காதே. இந்த ஆறில் செர்ரா ட எஷ்ட்ரேலா ஒன்றைத்தான் அவளுக்கு ஏற்றது என்று உறுதியாகச் சொல்லலாம். ப்ரோச்சுவில் ரெனெட் நேரடியாகச் சேர்வதில்லை. ஆனால் அதற்கு எடுக்கும் தெளிநீர் ரெனெட் இட்ட பாலிலிருந்து வடிந்தது. இதை அவளிடம் சொல், முடிவை அவளே எடுக்கட்டும். கர்ப்பிணி யாராவது வந்தால் காய்ச்சாத பாலில் செய்தவையும் நீலப் பூஞ்சணம் உள்ளவையும் அவர்களுக்கு வேண்டாம். பால் ஒவ்வாமை உள்ளவர்களிடம் ‘இது பசும்பால் இல்லை, சாப்பிடலாம்’ என்று சொல்லிவிடாதே. இரண்டு பாலின் புரதமும் நெருங்கிய உறவு, உயிருக்கே ஆபத்தாகலாம். லாக்டோஸ் மட்டும் சேராதவர்களுக்கு முதிர்ந்த சீஸ் பெரும்பாலும் தொந்தரவு தராது, ப்ரோச்சுதான் தரும்.

அன்று மாலை கெட்டி வகைகளை ஒரு மணி நேரத்துக்கு முன்பே குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வை. குளிர்ந்த கொழுப்பில் வாசனை அடைபட்டுக் கிடக்கும். மான்செகோ துண்டின் வெட்டிய முகத்தைப் பார்த்துக்கொண்டிரு: முதலில் மங்கலாக, சுண்ணாம்பு பூசியதுபோல் இருக்கும். அறைச் சூடு ஏற ஏற ஒரு பளபளப்பு வரும், பிறகு ஊசிமுனை அளவில் எண்ணெய் துளிர்க்கும். அப்போது பரிமாறலாம். ப்ரோச்சுவை மட்டும் கடைசி இருபது நிமிடத்தில் எடு.

வெட்டுவதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. சீஸின் நடுவில் ஒரு ருசி, தோலருகே வேறொரு ருசி. கெட்டி வகைகளை மெல்லிய முக்கோணங்களாக, ஒரு முனை நடுப்பகுதியிலும் மறுமுனை தோலிலும் இருக்கும்படி வெட்டு. ரோக்ஃபோர்ட்டில் நீலம் நடுவில் அடர்ந்தும் ஓரத்தில் வெளிறியும் இருக்கும். துண்டின் கூர்முனையை அறுத்து ஒருவருக்குக் கொடுத்துவிட்டால் மற்றவர்களுக்கு வெறும் வெள்ளைதான் மிஞ்சும். ஆகவே கூர்முனையிலிருந்து விசிறிபோல் பிரித்து வெட்டு. கத்தி அதை நசுக்கும். கம்பி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் மெல்லிய கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்துக்கொள். ஒவ்வொரு சீஸுக்கும் தனிக் கத்தி. ரோக்ஃபோர்ட் கத்தி இன்னொன்றைத் தொட்டால் உன் உழைப்பு வீண்.

மேசையில் வெறும் பகெத் ரொட்டி, ஆப்பிள் துண்டு, குளிராத தண்ணீர் இவை போதும். விதை தூவிய ரொட்டி, உப்பு பிஸ்கட், மணம் வீசும் மெழுகுவத்தி, பூங்கொத்து எதுவும் வேண்டாம். அத்தர், சென்ட் போட்டு வரவேண்டாம் என்று அழைப்பிலேயே அன்பாகச் சொல்லிவிடு.

நீ முதலில் கேட்ட வைன் விஷயத்துக்கு வருகிறேன். முதல் சுற்றில் வைனே வேண்டாம். ஆறையும் வெறும் வாயால் ருசித்த பிறகு இரண்டாம் சுற்றில் கொண்டுவா. ரோக்ஃபோர்ட்டுக்கு சொத்தேர்ன், ஒசோ-இராத்திக்கு ஜுரான்சோன், மான்செகோவுக்கு இனிப்பில்லாத ஷெர்ரி. குடிக்காதவர்களுக்குப் பேரிக்காய்ச் சாறு வை. ரோக்ஃபோர்ட்டின் உப்புக்கு அது அருமையான துணை. ஒசோ-இராத்திக்குக் கறுப்புச் செர்ரி ஜாமும் மான்செகோவுக்குச் சீமை மாதுளை அல்வாவும் அந்தந்த ஊர்க்காரர்களே வைத்துக்கொள்பவை.

மிக முக்கியமானதை இப்போது சொல்கிறேன். ஒவ்வொரு சீஸும் தட்டுக்கு வந்ததும் இரண்டு நிமிடம் யாரும் பேசக்கூடாது, நீயும்தான். பெயர், வயது, விலை எதையும் முன்கூட்டிச் சொல்லாதே. தாளில் எண் மட்டும் இருக்கட்டும். துண்டை மூக்கருகில் பிட்டு, புதிதாய்த் திறந்த முகத்தை முகரச் சொல். மெதுவாக மென்று, வாயை மூடியபடி மூக்கால் மூச்சை விடச் சொல். பாதி ருசி அங்கேதான் இருக்கிறது. மூன்று குறிப்பு போதும்: வாசனை, பதம், விழுங்கிய பிறகு நிற்பது எது. எல்லோரும் எழுதி முடித்த பிறகு, கூட்டத்தில் அதிகம் பேசாதவரிடமிருந்து தொடங்கு. சீஸ் தெரிந்தவர் ஒருவர் முதலில் ‘இதில் வறுத்த பாதாம்’ என்று சொல்லிவிட்டால், மீதி ஒன்பது பேருக்கும் பாதாம்தான் தெரியும். இது எங்கும் நடப்பது.

உன் தாளில் பிரெஞ்சுச் சொல் தேடாதே. ஒசோ-இராத்தியை மெல்லும்போது எனக்கு வருவது, நெய் காய்ச்சி இறக்கியதும் சட்டியின் அடியில் தங்கும் பழுப்புக் கசடின் மணம். உனக்கும் அது வந்தால் அப்படியே சொல். பால்பண்ணை வீட்டில் வளர்ந்தவருக்கு வைக்கோல் வரும், கடலோரத்தவருக்கு உப்பங்காற்று வரும். யாருடைய சொல்லையும் திருத்தாதே. ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பதும் முழுமையான பதில்தான். ஏன் என்று மட்டும் கேள்.

மீந்ததை மெழுகுத்தாளில் சுற்றிக் குளிர்பெட்டியின் அடித்தட்டில் வை. ரோக்ஃபோர்ட்டைத் தனி டப்பாவில் போடு.

பிரிவதற்குமுன் ஆறு பெயர்களையும் ஊர்களையும் விலையையும் எழுதி ஒவ்வொருவர் கையிலும் கொடு. தங்களுக்கு மிகவும் பிடித்ததை அவர்களே வட்டமிடட்டும். மலைச்சரிவில் செம்மறி வளர்ப்பது கடினமான பிழைப்பு. ருசி தெரிந்து, பெயர் சொல்லி, கேட்டு வாங்குபவர்கள் இருக்கும்வரைதான் அந்தக் குடும்பங்கள் அதில் நிற்க முடியும். அப்படிப்பட்ட ஒன்பது பேர் அன்று உன் வீட்டிலிருந்து புறப்பட வேண்டும். அதற்காகவே இந்த மாலையை நடத்து.

அன்புடன்,
சித்தி